கேளுங்கள், சொல்கிறேன்: இந்த வாரம் முழுக்க வெயில் விவகாரம்

(பருவநிலை மாற்றம் பற்றி மட்டும் ஒரு கட்டுக் கடிதம் சேர்ந்துவிட்டது. சினிமா, கிரிக்கெட் கேள்விக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.)

ஊட்டி தலைகுந்தாவில் உறைபனி விழுந்து புல்வெளியே வெள்ளையாகக் கிடக்கிறது. பூமி சூடாகிறது என்று நீங்கள் எழுதுகிறீர்கள். எதை நம்புவது?
வாசகர், மேட்டுப்பாளையம்

இரண்டையும் நம்பலாம், ஒன்றும் ஆகாது. இதே கேள்வியை 2015 பிப்ரவரியில் அமெரிக்க செனட் சபையிலேயே ஒருவர் கேட்டார். ஏதோ கடைசி பெஞ்சு ஆசாமி இல்லை, ஜேம்ஸ் இன்ஹோஃப், அந்தச் சபையின் சுற்றுச்சூழல் குழுவுக்குத் தலைவர். ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து பனி உருண்டையை எடுத்துக் காட்டி, வெளியே எவ்வளவு குளிர் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அவையை நடத்திக்கொண்டிருந்தவர் பக்கம் வீசினார். அதற்கு முந்தைய மாதம்தான், பதிவு இருக்கிற வரைக்கும் 2014தான் உலகத்துக்கே சூடான வருஷம் என்று நாசா அறிவித்திருந்தது. சரி, அந்த 2015 முடிந்தபோது 2014-ன் சாதனையும் போய்விட்டது. வாஷிங்டனில் ஒரு வாரம் பனி கொட்டியது என்பது வாஷிங்டன் செய்தி, அவ்வளவுதான். தலைகுந்தா உறைபனியும் அப்படித்தான். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போய் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

டிவி விவாதத்தில் ஒரு பேராசிரியர் ஆமாம் என்கிறார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எல்லாம் கட்டுக்கதை என்கிறார். நெறியாளர் ‘முடிவை நேயர்களிடமே விட்டுவிடுகிறோம்’ என்று முடித்துவிடுகிறார். நேயர் என்ன செய்வார்?
வாசகி, நாகர்கோவில்

சேனலை மாற்றுவார். நீங்கள் மாற்றாமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள், நன்றி.

இது நம்ம ஊர் நோய் மட்டும் இல்லை. அமெரிக்காவின் நான்கு பெரிய பத்திரிகைகள் 1988 முதல் 2002 வரை வெளியிட்ட செய்திகளைப் பாய்காஃப் என்று ஒரே குடும்பப் பெயர் கொண்ட இரண்டு ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேல், 53 சதவீதம் கட்டுரைகளில், ‘மனிதனால் சூடாகிறது’ என்பவர்களுக்கும் ‘அதெல்லாம் இயற்கை’ என்பவர்களுக்கும் ஏறக்குறைய சம இடம் கொடுத்திருந்தார்கள். விஞ்ஞானிகள் மத்தியில் இந்த இரண்டு தரப்பும் சரிசமமாக இருந்ததே இல்லை. நிருபர் பொய் எழுதவில்லை, இருவர் சொன்னதையும் சரியாகத்தான் எழுதினார். படித்தவர் மனதில் மட்டும் ‘ஓ, இன்னும் தீராத வழக்கு போல’ என்று பதிந்துவிட்டது.

பிபிசி இதில் நன்றாகவே மாட்டிக்கொண்டது. 2017 ஆகஸ்டில் அவர்களுடைய காலை வானொலி நிகழ்ச்சியில் நைஜல் லாசன் பேசினார். மார்கரெட் தாட்சர் அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்தவர், பிறகு பருவநிலைக் கொள்கைகளை எதிர்க்க ஓர் அமைப்பே தொடங்கியவர். கடந்த பத்து வருஷத்தில் உலக சராசரி வெப்பநிலை லேசாகக் குறைந்திருக்கிறது, அதிகாரபூர்வப் புள்ளிவிவரமே அப்படிச் சொல்கிறது என்று அடித்துவிட்டார். அப்படி ஒரு புள்ளிவிவரமே கிடையாது. பேட்டி எடுத்தவர் ஒரு வார்த்தை மறுத்துக் கேட்கவில்லை. கடைசியில் லாசனின் சொந்த அமைப்பே அந்தத் தகவல் தப்பு என்று ஒப்புக்கொண்டது. ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம், விதி மீறப்பட்டதாக 2018-ல் தீர்ப்பு சொன்னது. அதே வருஷம் செப்டம்பரில் பிபிசி தன் ஆட்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பியது: சமநிலை காட்டுவதற்காக மறுப்பாளர் ஒருவரைக் கூட்டிவர வேண்டியதில்லை, போன சனிக்கிழமை மான்செஸ்டர் யுனைடெட் 2-0 என்று ஜெயித்ததை மறுக்க யாரையாவது கூப்பிடுவீர்களா என்கிற ரீதியில்.

இந்த ஞானம் வர 2018 ஆகியிருக்கிறது, அதுவும் பிபிசிக்கு. நம் நெறியாளர்களை நான் அதிகம் திட்டமாட்டேன். ராத்திரி எட்டு மணி ஸ்லாட்டில் நாலு பேர் ஒத்துப்போனால் யார் பார்ப்பார்கள்? ஆனால் விவாதிக்க விஷயம் இல்லாமல் இல்லை. அனல்மின் நிலையத்தை எப்போது மூடுவது, அங்கே வேலை பார்ப்பவர்கள் கதி என்ன, கடலோரத்தில் யாருக்கு எங்கே மாற்றுவீடு... இதில் எல்லாம் சட்டையைப் பிடித்துக்கொள்ளலாம். தெர்மாமீட்டரோடு சண்டை போடுவதுதான் வீண்.

1970-களில் பனியுகம் வரப்போகிறது என்று இதே விஞ்ஞானிகள்தானே பயமுறுத்தினார்கள்?
வாசகர், மதுரை

சொன்னது பெரும்பாலும் பத்திரிகைகள். எல்லோரும் எடுத்து நீட்டுவது நியூஸ்வீக் 1975 ஏப்ரல் 28 இதழில் வந்த ஒரு பக்கக் கட்டுரையை. 1940-களிலிருந்து பூமியின் வட பாதியில் வெப்பநிலை சற்று இறங்கியிருந்தது நிஜம். ஆலைப் புகையிலிருந்து வரும் கந்தகத் துகள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பியதற்கு அதில் பெரும் பங்கு உண்டு. புகையா, கரியமில வாயுவா, எது ஜெயிக்கும் என்று அப்போது யோசித்தார்கள், அது நியாயமான யோசனைதான். ஆனால் 1965 முதல் 1979 வரை வெளியான ஆய்வுக்கட்டுரைகளை மூன்று பேர் உட்கார்ந்து எண்ணி 2008-ல் வெளியிட்டார்கள்: குளிரும் என்றவை 7, சூடாகும் என்றவை 44. ஏழு பேர் சொன்னது பழைய பேப்பர் கடையில்கூடக் கிடைக்கிற பழைய பத்திரிகையில் இருக்கிறது, நாற்பத்து நாலு பேர் சொன்னது நூலகத்தில் இருக்கிறது. கேள்வி கேட்டவர் எதைப் பார்த்தார் என்று புரிகிறது, தப்பில்லை.

நியூஸ்வீக் 2006-ல் அதற்குத் திருத்தம் போட்டது. முப்பத்தோரு வருஷம்! நாங்களெல்லாம் பரவாயில்லை, அடுத்த இதழிலேயே ‘வருந்துகிறோம்’ போட்டுவிடுகிறோம், பத்தொன்பதாம் பக்கத்தில், ஓர் ஓரத்தில்.

2035-க்குள் இமயமலைப் பனியெல்லாம் காணாமல் போகும் என்று ஐ.நா. குழு எழுதி, பிறகு தப்பு என்று ஒத்துக்கொண்டதே. நோபல் வாங்கிய குழுவே இப்படி என்றால் மற்றதை எப்படி நம்ப?
வாசகர், திருச்சி

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த ஒரே சம்பவத்தில் விஞ்ஞானி, பத்திரிகைக்காரர், மந்திரி மூன்று பேரும் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது மொத்தமாகக் கிடைக்கிறது.

நீங்கள் சொல்லும் ஐ.நா. பருவநிலைக் குழுவுக்குப் பெயர் ஐபிசிசி. அது 2007-ல் வெளியிட்ட நான்காவது அறிக்கை, மூன்று பெரிய தொகுதி. பனிப்பாறை எப்படி உருகுகிறது என்ற இயற்பியல் முதல் தொகுதியில், அந்தத் துறைக்காரர்கள் எழுதியது. அதில் இந்தத் தப்பு இல்லை. இரண்டாவது தொகுதியில் ஆசியாவுக்கான அத்தியாயத்தில்தான், இமயமலைப் பனிப்பாறைகள் 2035-க்குள் மறைய மிக அதிக வாய்ப்பு என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரி இன்னும் வேடிக்கை: அவற்றின் பரப்பு 5 லட்சம் சதுர கிலோமீட்டரிலிருந்து 1 லட்சமாகச் சுருங்கும் என்றது. இமயமலையில் இருக்கிற மொத்தப் பனிப்பாறையும் அந்த 5 லட்சத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதுவும் போகட்டும், முதல் வரியில் மறைந்து போகிறது, அடுத்த வரியில் 1 லட்சம் மிச்சம் இருக்கிறது. ஒரு ப்ரூஃப் ரீடர் பென்சிலோடு உட்கார்ந்திருந்தால் அங்கேயே சுழித்திருப்பார்.

எங்கிருந்து வந்தது? இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூடபிள்யூஎஃப் 2005-ல் போட்ட அறிக்கையிலிருந்து. அவர்களுக்கு? 1999-ல் நியூ சயின்டிஸ்ட் பத்திரிகையில் வந்த ஒரு செய்தியிலிருந்து, அதில் ஓர் இந்தியப் பனிப்பாறை நிபுணர் நிருபரிடம் பேசியதிலிருந்து. அதாவது ஆய்வுக்கட்டுரை கிடையாது, பேட்டி. பரப்புக் கணக்கோ, 1996-ல் கோட்லியாகோவ் என்ற ரஷ்ய நிபுணர் எழுதியது, அதுவும் இமயமலைக்கு மட்டுமானது இல்லை, துருவங்களை விட்டுவிட்டு உலகம் முழுவதுக்குமான கணக்கு. அவர் போட்ட வருஷம் 2350.

இதைத் தோண்டி எடுத்தது யார் என்பதுதான் முக்கியம். ஆஸ்திரியாவின் கியோர்க் காஸர், 2006-லேயே எச்சரித்தேன், கேட்கவில்லை என்றார். கனடாவின் கிரகாம் காக்லி 2350 என்கிற வேரைக் கண்டுபிடித்தார். இருவரும் பனிப்பாறை ஆராய்ச்சியாளர்கள், பூமி சூடாவதில் துளி சந்தேகம் இல்லாதவர்கள். தப்பு வெளியே வந்தது அவர்களால், மறுப்பாளர்களால் இல்லை.

அப்புறம் நம்ம ஆட்கள். 2009 நவம்பரில், கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்னால், அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற வி.கே. ரைனா எழுதிய அறிக்கையை வெளியிட்டார். பனிப்பாறைகள் பின்வாங்குவது உண்மை, ஆனால் அசாதாரண வேகத்தில் இல்லை என்பது ரைனாவின் கட்சி. ஐபிசிசி தலைவர் ராஜேந்திர பச்சௌரி, அதை மாந்திரீக அறிவியல் என்று எகத்தாளம் செய்தார். தரவு எங்கே என்று கேட்டிருக்கலாம், தன் குழுவின் தரவையும் ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. 2010 ஜனவரி 20 அன்று ஐபிசிசி வருத்தம் தெரிவித்தது. அமைச்சர், பார்த்தீர்களா என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, 2035 என்பதைச் சந்தேகப்பட்டது முழுக்கச் சரி. ஆனால் ஒரு வரி தப்பு என்பதும் பனி உருகவில்லை என்பதும் ஒன்று இல்லையே. தலைப்புச் செய்திகளில் அப்படித்தான் ஆகிப்போனது. 2035-ஐக் கொட்டை எழுத்தில் போட்டு கங்கை வற்றப்போகிறது என்று எழுதிய அதே பத்திரிகைகள், மூன்று வருஷம் கழித்து மோசடி என்று அதே கொட்டை எழுத்தில் போட்டன.

பனிப்பாறைக்கு இதெல்லாம் தெரியாது. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க உளவு செயற்கைக்கோள்கள் இமயமலையைப் படம் பிடித்து வைத்திருந்தன. ரகசியம் நீங்கி அவை வெளியே வந்ததும் இப்போதைய படங்களோடு ஒட்டிப் பார்த்து 2019-ல் ஓர் ஆய்வு வந்தது: 1975 முதல் 2000 வரை இருந்த உருகல் வேகம், 2000-க்குப் பிறகு இரண்டு மடங்கு. காட்மாண்டுவில் இருக்கிற இசிமோட் அமைப்பின் மதிப்பீடு, 1.5 டிகிரியோடு நிறுத்தினால்கூட இந்துகுஷ்-இமயமலைப் பனியில் மூன்றில் ஒரு பங்கு இந்த நூற்றாண்டு இறுதிக்குள் போய்விடும் என்கிறது. 2023 அக்டோபரில் சிக்கிமில் பனிப்பாறை ஏரி உடைந்து தீஸ்தா-3 அணையையே அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கும். 2035-ல் எல்லாம் மறையாது. மறையாது என்பதை வைத்துக்கொண்டு கீழே குடியிருப்பவர் நிம்மதியாகத் தூங்க முடியாது.

தன் தப்பை அச்சில் ஒத்துக்கொண்டு, எழுதும் முறையையே வெளியாட்களை வைத்துப் பரிசோதித்து மாற்றிக்கொண்ட அமைப்பு அது. அதனால் எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கை கூடியது. உங்களுக்குக் குறைந்தால் அது உங்கள் உரிமை.

நோபல் பரிசு வாங்கிய ஜான் கிளாஸரே பருவநிலை நெருக்கடி என்று ஒன்று இல்லை என்கிறாரே?
வாசகர், கும்பகோணம்

2022-ல் வாங்கினார், குவாண்டம் பின்னலுக்கு. அது நுண்துகள்கள் பற்றிய இயற்பியல், பருவநிலை இல்லை. 2021-ல் இயற்பியல் நோபலில் பாதியைப் பெற்ற சியுகுரோ மனாபேவும் கிளாஸ் ஹாசல்மனும் பருவநிலைக் கணக்குக்காகவே பெற்றார்கள். மனாபே 1967-லேயே, கரியமில வாயு இரட்டிப்பானால் கீழ்க்காற்று சூடாகும், மேலே அடுக்குமண்டலம் குளிரும் என்று கணக்கிட்டார். அப்படியேதான் நடக்கிறது. சூரியன் காரணமாக இருந்தால் மேலேயும் சூடாகியிருக்க வேண்டும். பல்வலிக்குக் கண் டாக்டரிடம் போகலாம், நானே தடுக்கவில்லை.

எண்ணெய்க் கம்பெனிகள் திட்டமிட்டுச் சந்தேகத்தைக் கிளப்பின என்கிறீர்கள். அதுவே ஒரு சதிக்கதை இல்லையா?
வாசகர், சேலம்

காகிதம் கையில் இருந்தால் அது சதிக்கதை இல்லை, கோப்பு.

எக்ஸான் நிறுவனத்தின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், எரிபொருள் எரிப்பதால் பூமி சூடாகும் என்று 1977-ல் நிர்வாகக் குழுவுக்கே விளக்கிச் சொன்னார். கம்பெனியும் அலட்சியமாக இல்லை. 1979-ல் எஸ்ஸோ அட்லாண்டிக் என்கிற தங்கள் எண்ணெய்க் கப்பலிலேயே கருவி பொருத்தி, கடலும் காற்றும் எவ்வளவு கரியமில வாயுவைக் கொண்டிருக்கின்றன என்று போகிற வழியெல்லாம் அளந்தார்கள். எண்ணெய் ஏற்றிப் போகிற கப்பலில், அந்த எண்ணெய் என்ன செய்யும் என்று கண்டுபிடிக்க ஆய்வு! அந்தக் கால உள் கணிப்புகளை 2023-ல் சயின்ஸ் இதழில் சரிபார்த்தார்கள். 63-லிருந்து 83 சதவீதம் வரை அப்படியே பலித்திருக்கிறது. பல்கலைக்கழகங்களின் கணிப்புக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை.

இப்போது 1997 அக்டோபருக்கு வாருங்கள். கரியமில வாயுவைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட கியோட்டோ ஒப்பந்தத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது. பெய்ஜிங்கில் பெட்ரோலிய மாநாடு, அதே எக்ஸானின் தலைவர் லீ ரேமண்ட் மேடையில் நின்று, இருபது வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிட பூமி இப்போது குளிர்ந்திருக்கிறது என்றார். வளரும் நாடுகள் கட்டுப்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்றும் யோசனை சொன்னார், நம் மேல் அவ்வளவு அக்கறை. அடுத்த வருஷம் அமெரிக்கப் பெட்ரோலிய சங்கத்தில் தயாரான ஒரு செயல்திட்டம் வெளியே கசிந்தது. சாதாரணக் குடிமக்கள் பருவநிலை அறிவியலில் நிச்சயமின்மை இருப்பதாக உணர்ந்துவிட்டால் அதுவே வெற்றி என்று அதில் எழுதியிருந்தார்கள். மறுக்கக்கூட வேண்டாம், இழுத்தடித்தால் போதும். நம்ம ஊர் சிவில் கோர்ட்டில் எத்தனை வாய்தா பார்த்திருப்பீர்கள், புதுசா என்ன?

2015 சென்னை வெள்ளம் பருவநிலை மாற்றத்தால் வந்ததுதானே? அதைச் சொன்னால் சிலருக்கு ஏன் கோபம் வருகிறது?
வாசகி, வேளச்சேரி

எனக்கும் கோபம் வரும். வேளச்சேரியிலிருந்து கேட்கிறீர்கள், ஏரி எங்கே இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

டிசம்பர் 1 மழை சாதாரண மழை இல்லை, தாம்பரத்தில் ஒரே நாள் கணக்கில் 49 சென்டிமீட்டர். ஆனால் அந்த மழைக்கும் பூமி சூடாவதற்கும் தொடர்பு உண்டா என்று உலக வானிலைக் காரணி ஆய்வுக் குழு, டெல்லி ஐஐடி ஆட்களும் சேர்ந்து, ஆராய்ந்தது. தொடர்பு எதுவும் தெரியவில்லை என்று எழுதினார்கள். காற்றில் இருக்கிற தூசுப் படலம் அதை மறைத்திருக்கலாம் என்று ஒரு வாய்ப்பையும் சொன்னார்கள். இதே முறையில் இதே குழு, 2024 ஜூலையில் வயநாட்டில் நிலச்சரிவை உண்டாக்கிய மழை, சூடேற்றத்தால் சுமார் 10 சதவீதம் கனத்துப் பெய்தது என்று சொன்னது. ஒன்றில் இல்லை, ஒன்றில் உண்டு. காசு வாங்கிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிற கூட்டம் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சென்னை விஷயத்தில் மத்திய தணிக்கைத் துறை அறிக்கை, செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி வரை திறந்துவிட்டதை எல்லாம் அலசி, மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே எழுதியது. 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்டது. மதகைத் திறந்த நேரத்துக்கும், ஏரிக்குள் பட்டா போட்டதற்கும், பள்ளிக்கரணையில் குப்பை கொட்டியதற்கும் யாராவது பதில் சொல்ல வேண்டும். ‘எல்லாம் பருவநிலை மாற்றம்’ என்று சொல்லிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டாம். மறுக்கிற அரசியல்வாதியைவிட இந்த மாதிரி ஆமோதிக்கிற அரசியல்வாதியிடம் நான் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்கிறேன். இனிமேல் வரும் மழை கனத்துத்தான் பெய்யும், காற்று ஒரு டிகிரி சூடானால் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதற்காக மதகுச் சாவி மேகத்தின் கையில் இருந்ததாக ஆகிவிடாது.

நம் தலைவர்கள் யாராவது ட்ரம்ப் மாதிரி வெளிப்படையாக மறுத்திருக்கிறார்களா?
வாசகர், தஞ்சாவூர்

அவர் மாதிரி யாரும் இல்லை. 2012-ல் சீனாக்காரன் கட்டிவிட்ட கதை என்றார், 2025 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையிலேயே நின்று உலகத்திலேயே பெரிய மோசடி என்றார். அந்தத் துணிச்சல் இங்கே வராது.

இங்கே வேறு வகை. 2014 ஆசிரியர் தினத்தன்று அசாம் மாணவர் ஒருவர் பருவநிலை மாற்றம் பற்றிக் கேட்டபோது, பருவநிலை மாறவில்லை, நாம்தான் மாறிவிட்டோம், வயதானவர்கள் இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி என்பார்கள், உண்மையில் அவர்கள் தாங்கும் சக்திதான் குறைகிறது என்ற பொருளில் பிரதமர் மோடி பேசினார். குஜராத் முதல்வராக இருந்தபோது இதே பருவநிலை பற்றிப் புத்தகம் போட்டவர் அவர், அடுத்த வருஷமே பாரிஸில் சர்வதேச சூரிய சக்திக் கூட்டணியைத் தொடங்கியவரும் அவர்தான். 2019 டிசம்பரில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜவடேகர், காற்று மாசு ஆயுளைக் குறைப்பதாக எந்த இந்திய ஆய்வும் காட்டவில்லை என்று மக்களவையில் சொன்னார். டெல்லியில், டிசம்பரில், சொன்னார்!

மறுக்காத தலைவர்களும் உண்டு. பிரிட்டனின் வலதுசாரிப் பிரதமராக இருந்த தாட்சர் வேதியியல் படித்தவர். 1989-லேயே ஐ.நா.வில் கரியமில வாயுவைப் பற்றி ஒரு விஞ்ஞானி போலப் பேசினார். இடதுசாரிகளின் சூழ்ச்சி என்று இதைச் சொல்கிறவர்களிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

என் மாமா தினமும் காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘எரிமலை ஒருமுறை கக்கினால் நம் மொத்தப் புகையும் ஒன்றுமில்லை’ வகையறாவை அனுப்புகிறார். என்ன பதில் போட?
வாசகி, ஈரோடு

உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருஷத்தில் விடும் கரியமில வாயு, நாம் விடுவதில் ஒரு சதவீதம்கூட வராது. இதை அனுப்பினால் நாளைக்குச் சூரியப் புள்ளிதான் காரணம் என்று வரும். அதற்கும் பதில் அனுப்பினால் நாளை மறுநாள் பனியுகம். மதுரை வாசகருக்கு எழுதியதை அப்போது எடுத்துப் போடுங்கள்.

அதைவிட ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: எந்தத் தகவல் கிடைத்தால் மனதை மாற்றிக்கொள்வீர்கள், மாமா? கலிபோர்னியாவில் ரிச்சர்ட் முல்லர் என்கிற இயற்பியலாளருக்கு வெப்பநிலைப் பதிவுகள் மேலேயே சந்தேகம். நகரச் சூட்டை அளந்துவிட்டு உலகச் சூடு என்கிறார்களோ என்று நினைத்தார். குழு சேர்த்து, எண்ணெய்த் தொழில் நடத்தும் கோக் குடும்பத்தின் அறக்கட்டளைப் பணமும் வாங்கி, கோடிக்கணக்கான பதிவுகளை முதலிலிருந்து கணக்குப் போட்டார். 2012-ல், பழைய கணக்குதான் சரி, காரணமும் ஏறக்குறைய முழுக்க மனிதர்கள்தான் என்று அவரே எழுதினார். முல்லர் ஆய்வின் முடிவு எதுவானாலும் ஏற்கிறேன் என்று முன்கூட்டியே எழுதியிருந்த ஒரு பிரபல சந்தேகக்காரர், முடிவு வந்ததும் ஏற்கவில்லை. இரண்டு பேருமே சந்தேகப்பட்டவர்கள்தான்.

மாமா எந்த வகை என்று பதிலில் தெரிந்துவிடும். தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள். அவருடைய பார்வர்டு மட்டும் வேண்டாம், எனக்கு என் சித்தப்பாவே அனுப்பிவிடுகிறார்.